தாத்தா வேலை பார்த்தது பத்து ஆராங் சுரங்கத்திலா, ரப்பர் தோட்டத்திலா?

கவி_சுபாங்

வணக்கம். வீட்டில் ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய ஆட்கள் யாராவது இருந்தால் வந்து தீர்த்து வையுங்கள்.

அப்பாவின் பிறப்புப் பத்திரத்தை வேறு எதற்கோ தேடி எடுத்தோம். பிறந்த இடம் பத்து ஆராங், 1949. தகப்பனார் தொழில் 'கூலி' என்பதோடு முடிந்துவிட்டது. சித்தப்பா ஒரே பிடியாக நிற்கிறார்: "எங்க அப்பா பால்மரம்தான் வெட்டினாரு, எனக்குத் தெரியாதா?" தாத்தா 1983-ல் தவறிவிட்டார், கேட்க வழியில்லை. பாட்டிக்கு 94. காது மந்தம், ஞாபகம் மட்டும் நன்றாக இருக்கிறது. அவர் சொல்வது இது: "தோட்டமாவது ஒண்ணாவது. அந்த மனுசன் வேலை விட்டு வந்து துப்புனா எச்சி கறுப்பா இருக்கும். சட்டையெல்லாம் சின்னச் சின்னப் பொத்தல். தச்சுத் தச்சே என் கண்ணு போச்சு."

பால்மரம் வெட்டுகிறவருக்கு எச்சில் ஏன் கறுக்க வேண்டும்? அங்கே நிலக்கரிச் சுரங்கம் இருந்தது என்று இணையத்தில் பார்த்தேன். ஆனால் எங்கே படித்தாலும் சீனத் தொழிலாளர்கள், வெள்ளைக்கார முதலாளி, 1937 வேலைநிறுத்தம், இவ்வளவுதான். தமிழர்கள் அந்தச் சுரங்கத்தில் இருந்தார்களா? இன்னொன்று: கோலாலம்பூருக்கு இத்தனை பக்கத்தில் இருக்கும் ஊர் ஏன் இன்னும் அப்படியே கிடக்கிறது? சுற்றியுள்ள ரவாங், சுங்கை பூலோ எல்லாம் எங்கேயோ போய்விட்டதே.


பழைய_கார்டு

கவிம்மா, உங்கள் பாட்டியின் சட்டைப் பொத்தலைப் படித்ததும் சாய்ந்து உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் 1952-ல் பத்து ஆராங்கில் பிறந்தவன். அப்பா செங்கல் சூளையில் வேலை. பிறகு நான் ரயில்வேயில் சேர்ந்து கார்டாக இருந்து 2007-ல் ஓய்வு பெற்றேன். சுரங்கம் மூடினபோது எனக்கு எட்டு வயது. ஆகவே நான் கண்ணால் பார்த்தது கொஞ்சம், மற்றதெல்லாம் அப்பாவும் அவர் கூட்டாளிகளும் அஞ்சடியில் (கடைவீதி நடைபாதையில்) உட்கார்ந்து பேசக் கேட்டது, அப்புறம் படித்தது.

மலாயில் 'பத்து ஆராங்' என்றாலே நிலக்கரிதான். சீனர்கள் 'மூய் தான் சான்' என்பார்கள், அவர்கள் பேச்சில் கரிமலை. ஆக ஊருக்குத் தனியாகப் பெயரே கிடையாது, சரக்கின் பெயர்தான் ஊரின் பெயர். அதற்கு முந்தி அந்தப் பக்கத்துக்கு ரந்தாவ் பாஞ்சாங் என்று பேர். 1908 வாக்கில் ஹாஜி அப்துல் ஹாடி என்பவர் காட்டில் தீ மூட்டினாராம், அடியில் இருந்த கல்லும் சேர்ந்து எரிந்து நாறியதாம். ஊரில் கண்டுபிடிப்புக் கதை என்று சொல்வது இதைத்தான்.

அந்தக் கல்லைக் காசாக்கியவர் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல். 1913-ல் மலாயன் கோலியரிஸ் கம்பெனி பதிவானது, 1915-லிருந்து கரி வெட்டினார்கள். இதே ரஸ்ஸல்தான் 1929-ல் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியவர். காலையில் நீங்கள் போ தேத்தண்ணி குடிக்கிறீர்கள் என்றால் உங்களுக்கும் பத்து ஆராங்குக்கும் ஏற்கெனவே ஒரு தொடர்பு இருக்கிறது.

பிரிட்டிஷ் மலாயாவில் இவ்வளவு பெரிய நிலக்கரிச் சுரங்கம் வேறு இல்லை. 1940-ல் 7 லட்சத்து 80 ஆயிரம் டன் அளவுக்கு எடுத்திருக்கிறார்கள். எங்கே போனது இவ்வளவும்? ரயிலுக்கு, ஈய லம்பங்களுக்கு (ஈயச் சுரங்கங்களுக்கு), 1920-களின் பின்பாதியில் பங்சாரில் வந்த மின்நிலையத்துக்கு. கோலாலம்பூர் பட்டணத்து விளக்கு எரிந்தது எங்கள் ஊர்க் கரியில். பட்டணத்துக்காரர்களுக்கு அது தெரியாது. எங்கள் அப்பாவுக்குத் தெரியும், அதனால் பங்சார் பக்கம் போகும்போதெல்லாம் சொந்தக்காரர் வீட்டைக் காட்டுவது மாதிரி கையை நீட்டிக் காட்டுவார்.

நல்ல கரி இல்லை அது. ஆஸ்திரேலியா கரி, இந்தியக் கரி மாதிரி கெட்டி கிடையாது, மண்ணியல் கணக்கில் இளசு. குவித்துப் போட்டால் காற்றுப் பட்டுத் தானே சூடேறிப் புகையும். அதனால் வெட்டியதைச் சேர்த்து வைக்க முடியாது, உடனே வண்டியேற்றி அனுப்ப வேண்டும். குவாங் சந்திப்பிலிருந்து சுரங்கத்துக்கு ஒரு கிளைப்பாதை போட்டிருந்தார்கள், இப்போது தண்டவாளம் கிடையாது. ஊரே அந்தப் பாதையின் நேரத்துக்குத்தான் சாப்பிட்டது, தூங்கியது. மழை பெய்து ஓய்ந்த சாயங்காலங்களில் பழைய குவியல்களிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பும். அதன் மேல் வெறுங்காலோடு ஓடினோம் என்று தெரிந்தால் அம்மா தென்னந்துடைப்பத்தைத் தூக்கிவிடுவார். இரண்டாம் நம்பர் லைனில் (தொழிலாளர் வீட்டு வரிசையில்) ஒரு பையனுக்கு உள்ளங்கால் வெந்து ஒரு மாதம் நொண்டினான். நாங்கள் அவனுக்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

இனி உங்கள் கேள்விக்கு. தமிழர்கள் இருந்தார்களா என்றால் இருந்தோம், நிறையவே இருந்தோம். தேடுகிறவர்கள் எல்லாரும் குழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு "ஆளைக் காணோமே" என்று போய்விடுகிறார்கள். குழிக்குள் இறங்கியது பெரும்பாலும் சீனர்கள், அவர்களும் கண்டிராக்டர் கையில். எங்கள் லைனில் இருந்த ஆட்கள் மேலே நின்றவர்கள்: திறந்தவெளிக் குழியில் மண் அள்ளியவர்கள், ரயில்பாதையில் கட்டை மாற்றியவர்கள், கரியை வண்டியில் ஏற்றியவர்கள், அப்புறம் எங்கள் அப்பா மாதிரிச் சூளை ஆட்கள். கம்பெனி கரியோடு நிற்கவில்லை. செங்கல் சுட்டது, ஒட்டுப்பலகை செய்தது, மரத்தை வாட்டி ரசாயனம் இறக்க ஒரு ஆலையும் வைத்திருந்தது. பட்டணத்துக் கட்டடங்களில் எங்கள் செங்கல் எங்கெங்கே போனது என்று அப்பா ஒரு பட்டியலே சொல்வார். அதில் பாதி கற்பனை என்பது என் அனுமானம்.

சித்தப்பா எந்த வருஷம் பிறந்தவர்? 1960-க்கு ஒட்டி என்றால் சண்டை முடிந்தது. போருக்கு அப்புறம் ரயில் மெல்ல எண்ணெய்க்கு மாறியது. 1957-ல் டீசல் எஞ்சின்களும் வந்து இறங்கின. மின்நிலையங்களும் எண்ணெய்ப் பக்கம் சாய்ந்தன. வாங்க ஆளில்லாத கரியை யார் வெட்டுவார்? 1960-ல் மூடினார்கள். எங்கள் லைனில் பாதி வீடு காலி. செங்கல் வேலை தொடர்ந்ததால் அப்பா தப்பித்தார், மற்றவர்கள் சட்டி பானையை லாரியில் ஏற்றிக்கொண்டு பக்கத்துத் தோட்டங்களுக்குப் பால்மரம் வெட்டப் போனார்கள். கரியிலிருந்து வந்த கைகளுக்கு உளி பிடிக்க வரவில்லை என்று தோட்டத்துக் கிராணிமார் (கணக்கர்கள்) கேலி செய்வார்களாம். உங்கள் சித்தப்பா பார்த்தது அந்தத் தாத்தாவை. பாட்டி சொல்வது அதற்கு முந்தைய தாத்தாவை. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

இப்போது சட்டை. கரி ஏற்றுகிறவருக்கு எச்சில் கறுக்கும், சட்டை கறுக்கும், பொத்தல் விழாது. சின்னச் சின்னப் பொத்தல் என்றால் நெருப்புப் பொறி. நீராவி எஞ்சினில் பயர்மேனாக இருந்த பெரியவர்கள் எங்கள் டிப்போவில் உண்டு. அவர்கள் காக்கிச் சட்டையைப் பார்த்தால் கறையான் அரித்த மாதிரித்தான் இருக்கும். தோளிலும் முன்கையிலும் அதிகமாக இருக்கும். பாட்டியிடம் கேளுங்கள், பொத்தல் எங்கே விழும், தோளிலா, வயிற்றுப் பக்கமா என்று. தோள் என்றால் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. கேட்டுவிட்டு வாருங்கள்.


கிள்ளான்_வாசு

ஐயா, அருமை. ஆனால் ஒரு மறுப்பு. "மேலே நின்றவர்கள்" என்று சொல்லிவிட்டு 1937-ஐ அப்படியே தாண்டிப் போய்விட்டீர்களே. மலாயா தொழிலாளர் வரலாற்றிலேயே பெரிய சம்பவம் அது. தொழிலாளர்கள் சுரங்கத்தையே கைப்பற்றி நடத்தியிருக்கிறார்கள். நம் ஆட்கள் அன்றைக்கு என்ன செய்தார்கள்?


பழைய_கார்டு

வாசு தம்பி, தாண்டவில்லை, மூச்சு வாங்கினேன்.

1930-களின் தொடக்கத்தில் உலகமே மந்தம். ரப்பர், ஈயம் விலை விழுந்ததும் கூலியை வெட்டினார்கள். விலை திரும்ப ஏறியது, கூலி ஏறவில்லை. இதுதான் அடிப்படை. 1936 நவம்பரில் ஒரு முறை நிறுத்தினார்கள். 1937 மார்ச்சில் மறுபடி. ஆயிரக்கணக்கில் ஆட்கள் சுரங்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு காவல், உணவுப் பங்கீடு எல்லாம் தாங்களே நடத்தினார்கள். பின்னால் இருந்தது கம்யூனிஸ்டுகள் அமைத்த தொழிற்சங்கம். சிலாங்கூரின் நடுவில் ஒரு சோவியத் முளைத்துவிட்டது என்று அரசாங்கத்துக்கு நடுக்கம். ரயிலும் விளக்கும் இந்தக் கரியை நம்பி இருக்கும்போது நடுங்காமல் என்ன செய்யும்? மார்ச் 27 அன்று போலீஸ் உள்ளே புகுந்து அடக்கியது. முன்னின்றவர்களில் பலரைச் சீனாவுக்கே நாடு கடத்தினார்கள்.

நம் ஆட்கள் என்ன செய்தார்கள் என்று அப்பாவிடம் ஒரே ஒரு தடவை கேட்டேன். அப்போது அவருக்குப் பதினாறு வயது, செங்கல் அடுக்கும் பையன். "அவங்க ஒரு வாரம் சோறு போட்டாங்க, நாங்க சாப்பிட்டோம்" என்றார். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. வீரம் என்றும் சொல்லவில்லை, பயம் என்றும் சொல்லவில்லை. நான் அதை அப்படியே வைத்திருக்கிறேன், என் பக்கத்திலிருந்து எதையும் சேர்க்க மாட்டேன்.

உங்கள் கிள்ளானில் 1941-ல் தோட்டத் தமிழர்கள் எழுந்தார்களே, அவர்களைத் திரட்டிய ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டு, ராணுவம் சுட்டு ஆட்கள் செத்து. பத்து ஆராங்கைப் பார்த்த நான்காவது வருஷம் அது. சைக்கிளில் இருந்து துரையைக் கண்டதும் இறங்க மாட்டோம் என்பதும் அவர்கள் கோரிக்கையில் ஒன்று. சும்மா காற்றில் வந்த யோசனையா?

அதன் பிறகு ஜப்பான்காரன். அவன் காலத்திலும் கரி வெட்டு நிற்கவில்லை. அப்புறம் அவசரகாலம். 1948 ஜூன் மாதம் நாடு முழுக்க அறிவித்தார்கள், ஜூலையில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் பத்து ஆராங்குக்குள்ளேயே இறங்கிக் கொஞ்ச நேரம் ஊரைப் பிடித்து வைத்திருந்தார்கள், கொலையும் விழுந்தது. அதிலிருந்து முள்கம்பி, ஊரடங்கு, அரிசிக்கு அளவு. கவிம்மாவின் அப்பா பிறந்த 1949-ல் ஊர் இப்படித்தான் இருந்தது. அதே வருஷம் மார்ச் மாதம் பக்கத்து ரவாங்கில், வாட்டர்பால் தோட்டத்தருகே, எஸ். ஏ. கணபதியைக் கைத்துப்பாக்கியோடு பிடித்தார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள், அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத் தலைவராக இருந்தவர். மே 4-ல் புடு சிறையில் தூக்கு. எங்கள் லைனில் அவர் பெயரைக் குரல் தாழ்த்தித்தான் சொல்வார்கள், நான் பெரியவனான பிறகும் அப்படித்தான்.

தாத்தா பத்திரத்தில் ஏன் வெறும் 'கூலி' என்று எழுதிக்கொண்டார் என்று கேட்டால், அந்த வருஷம் அதற்கு மேல் விவரம் கொடுக்க யாருக்கும் ஆசை இருந்திருக்காது.


பாறை_பிரபு

ஊர் ஏன் அப்படியே கிடக்கிறது என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் மண்ணியல் படித்தவன், களப்பயணத்துக்கு இரண்டு முறை போயிருக்கிறேன்.

அடியில் வெற்றிடம். நிலத்தடிச் சுரங்கத்தில் தூண் தூணாகக் கரியை விட்டுவிட்டு இடையில் இருப்பதை எடுப்பார்கள். காலப்போக்கில் தூண் நொறுங்கும், மேல் மண் உட்காரும். அதோடு இந்தக் கரி தானே தீப்பிடிக்கும் சுபாவம் உள்ளது என்பதை ஐயா சொல்லிவிட்டார், மண்ணுக்கடியில் தீ கனன்றாலும் கதை அதேதான். இப்படிப்பட்ட தரையில் அடுக்குமாடி எழுப்ப அனுமதி வாங்குவது லேசில்லை. திறந்தவெளியாக வெட்டிய பள்ளங்கள் நீர் நிறைந்து ஏரியாகிவிட்டன. அழகாக இருக்கும், ஆனால் கரை திடீரென்று ஆழத்துக்கு இறங்கும், குளிக்க இறங்காதீர்கள். மலிவாக மனை கிடைக்கிறதே என்று யாராவது நினைத்தால் முதலில் மண் அறிக்கையைக் கேளுங்கள், அப்புறம் முன்பணத்தைப் பற்றிப் பேசலாம்.


பழைய_கார்டு

பிரபு சொன்னது சரி. நான் சொல்ல வந்ததும் அதுதான், ஆனால் எங்கள் ஊர்ப் பாட்டிகள் இன்னும் சுருக்கமாகச் சொல்வார்கள்: "வயித்த காலி பண்ணிட்டுத் தலையில மாடி கட்டச் சொன்னா நிக்குமா?"

மாடி வராததில் ஒரு லாபம். பழைய செங்கல் கடைவீதி இன்னும் நிற்கிறது. எங்கள் சூளையில் வெந்த கல். காறை பூசாமல் விட்டிருப்பதால் நிறம் தெரியும்.

ரவாங்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், சம்பந்தம் இல்லாதது மாதிரி இருக்கும். 1894-ல் இந்த நாட்டில் முதன்முதலாக மின்சாரம் உண்டாக்கியது ரவாங்கின் ஒரு ஈய லம்பத்தில். செய்தவர்கள் லோக் யூவும் நம் தம்புசாமிப் பிள்ளையும். பத்துமலைக் கோயில் தம்புசாமிப் பிள்ளையேதான். கரி தோண்டுவதற்கு இருபது வருஷம் முந்தியே அந்த வட்டாரத்தில் விளக்கு எரிந்துவிட்டது. இதைப் பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரிந்துகொண்டேன்.


கவி_சுபாங்

ஐயா! சித்தப்பா 1959. வாட்ஸ்அப்பில் உங்கள் பதிலை அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு வந்தது, பதில் வரவில்லை. எங்கள் குடும்பத்தில் அதற்கு அர்த்தம் "ஒப்புக்கொள்கிறேன், ஆனால் வாயால் சொல்ல மாட்டேன்."

பாட்டியிடம் காதருகே கத்திக் கேட்டேன். பொத்தல் எங்கே என்றதும் கையைத் தூக்கித் தன் இடது தோளில் தட்டிக் காட்டினார். "இங்க. இங்கதான் எப்பவும். ஒரு பக்கமா." அப்புறம் நான் கேட்காமலே சொன்னார்: "சங்கு ஊதுனா தட்டை அப்படியே வச்சிட்டு ஓடுவாரு. குவாங் வரைக்கும் போயிட்டுத்தான் திரும்பறது. சில நாளு ராத்திரி ஆயிடும்." குவாங் என்ற பெயரை நான் அவரிடம் சொல்லவே இல்லை. கை நடுங்கிவிட்டது எனக்கு.

"வண்டில போவாரா பாட்டி?" என்று கேட்டேன். "பின்ன நடந்தா போவாரு?" என்று முறைத்தார்.


பழைய_கார்டு

இடது தோள்!

கவிம்மா, சொல்கிறேன், ஆனால் இதை நீதிமன்றத் தீர்ப்பு மாதிரி எடுத்துக்கொள்ளக் கூடாது. கரி அள்ளி அடுப்பில் போடுகிறவன் ஒரு பக்கம் திரும்பியே நிற்பான். அடுப்பு வாய் திறக்கும்போதும், வண்டி ஏற்றத்தில் முக்கும்போது புகைபோக்கியிலிருந்து பொறி கொட்டும்போதும் எப்போதும் ஒரே தோள்தான் வாங்கும். எங்கள் டிப்போப் பெரியவர் ஒருவர் சட்டை தைக்கக் கொடுக்கும்போதே இடது தோளுக்கு இரட்டைத் துணி வைக்கச் சொல்வார். தையல்காரர் முதல் தடவை சிரித்தாராம்.

உங்கள் தாத்தா குழியிலும் இல்லை, என் அப்பா மாதிரிச் சூளையிலும் இல்லை. குவாங் போய் வந்த கரிவண்டியில் இருந்திருக்கிறார். பயர்மேனோ, அவருக்குக் கரி தள்ளிக் கொடுத்த கூலியோ. பத்திரத்தில் 'கூலி' என்று இருப்பதால் இரண்டாவதைத்தான் நான் முதலில் வைப்பேன். எட்டு வயது வரை அந்த வண்டியைப் பார்த்துக் கையாட்டிய பையன்களில் நான் ஒருவன். யாராவது திருப்பிக் கையாட்டினால் அன்றைக்கு முழுக்க அதே பேச்சு. அதில் ஒருவர் உங்கள் தாத்தாவாக இருந்திருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

போய்ப் பார்ப்பதானால் கொமுட்டர் ரயிலில் குவாங்கில் இறங்கி அங்கிருந்து காடியில் (காரில்) போங்கள். ரவாங் வழியாகவும் போகலாம், ஆனால் பாட்டியைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்றால் குவாங்தான் சரி. சனிக்கிழமை என்றால் நானும் வருகிறேன், முட்டி வலிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு. பழைய பாதை எங்கே வளைந்தது என்று இப்போது வெறும் புதராகத் தெரியும் இடத்தில் என்னால் காட்ட முடியும். சித்தப்பாவையும் கூட்டி வாருங்கள். பேச வேண்டாம், வண்டி ஓட்டினால் போதும்.


கவி_சுபாங்

அடுத்த சனிக்கிழமை காலை ஒன்பது மணி, குவாங் ஸ்டேஷன். சித்தப்பா வண்டி ஓட்டுகிறார். பாட்டி இப்போதே எந்தச் சேலை என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.